திஸில் தின்னி குட்டி அந்துப்பூச்சி: போட்டோவா, புழு வளர்ப்பா, டிசெக்‌ஷனா, டிஎன்ஏவா?

இங்கிலாந்துல இருக்குற நம்ம ஆளுங்க மூணு பேர் இந்த வருஷம் கிட்டத்தட்ட ஒரே கேள்விய கேட்டாங்க. "திஸில்ங்கற முள்ளுச் செடி பக்கத்துல ஒரு குட்டி அந்துப்பூச்சி கெடச்சுது, ஆப் ஒரு பேர் சொல்லுது, கவுன்ட்டி ரெக்கார்டர் (மாவட்டத்துப் பூச்சிப் பதிவுகளச் சரிபாக்குறவர்) அத ஏத்துக்க மாட்டேங்குறார், டிசெக்‌ஷன் (பூச்சிய அறுத்து உள்ள பாக்குறது) பண்ணாதான் சொல்ல முடியும்ங்குறார், இப்ப நான் என்னண்ணா பண்றது?" ஒருத்தர் கொல்ல மனசு வராம பூச்சிய விட்டுட்டார், ஒருத்தர் மைக்ரோஸ்கோப் வாங்கலாமான்னு விலை பாத்துட்டு இருக்கார், இன்னொருத்தர் கால் ஒண்ண எடுத்து டிஎன்ஏ டெஸ்டுக்கு அனுப்பினா முடிஞ்சுடும்னு நெனைக்கிறார். மூணுமே சரியான வழியா இருக்கலாம், ஆனா எந்தப் பூச்சிக்கு எந்த வழிங்கறதுதான் விஷயம், அதான் உக்காந்து விலாவாரியா எழுதிடலாம்னு.

கேள்வியில இருக்குற பூச்சி யாருன்னு மொதல்ல சொல்லிடுறேன். மே கடைசியில இருந்து ஜூலை வரைக்கும் லைட் ட்ராப்ல (ராத்திரி வெளிச்சம் காட்டி பூச்சி பிடிக்கிற பெட்டி) விழும், இல்லன்னா சாயங்காலம் திஸில் செடிய லேசா தட்டினா எழும்பி ரெண்டடி தள்ளி உக்காரும். மடிச்சு உக்காந்தா ஒரு சென்டிமீட்டர் இருக்கும், இறக்கை கருங்காப்பி நிறம், முதுகுல சேணம் போட்ட மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. எபிப்ளெமா ஸ்குட்டுலானான்னு ஒரு இனம், எபிப்ளெமா சிர்சியானான்னு இன்னொண்ணு. ரெண்டும் டார்ட்ரிசிடே குடும்பம், ரெண்டும் பாக்க அச்சு அசல் ஒரே மாதிரி. ஸ்குட்டுலானா இறக்கைய விரிச்சா 18–23 மில்லிமீட்டர், சிர்சியானா பொதுவா அதவிட சின்னது, ஆனா சிர்சியானாவுல பெருசும் ஸ்குட்டுலானாவுல சின்னதும் ஒரே அளவுல வந்து நிக்கும், அதனால ஸ்கேல் வச்சு அளந்து மட்டும் முடிவு பண்ண முடியாது.

## எத வச்சு முடிவு எடுக்குறது

நான் பாக்குறது நாலு விஷயம். பேர் எவ்வளவு உறுதியா வேணும் (நம்ம சொந்த லிஸ்டுக்கா, இல்ல தேசிய ரெக்கார்டுக்கா), பூச்சி உயிரோட இருக்குமா, காசும் நேரமும் எவ்வளவு போகும், கடைசியா, பேரத் தவிர அந்தப் பூச்சியப் பத்தி வேற என்ன தெரிஞ்சுக்குறோம். நாலாவத நிறைய பேர் கணக்குலயே எடுக்குறதில்ல, எனக்கு என்னமோ அதுதான் முக்கியம், ஏன்னா பேர் தெரிஞ்சும் அது எந்தச் செடியில எந்த எடத்துல குளிர்காலத்தக் கழிக்குதுன்னு தெரியலன்னா அந்தச் செடிய எப்ப வெட்டக் கூடாதுன்னு தோட்டக்காரர்கிட்ட சொல்ல முடியாதே.

## எந்த வழியா இருந்தாலும் மொதல்ல செடியப் பாருங்க

நான் இங்க வந்த புதுசுல ஸ்பியர் திஸிலப் பாத்துட்டு நம்ம ஊர் பிரம்மதண்டுன்னே நெனச்சேன், அந்த முள்ளு இலையும் ரோட்டோரத்துல நிக்கிற தோரணையும் அப்படியே இருக்கும். ஆனா பிரம்மதண்டு பாப்பி குடும்பம், திஸில் சூரியகாந்தி குடும்பம், நம்ம செந்தூரகம் பயிருக்குத்தான் இது சொந்தம். செடிய தப்பா சொன்னா பூச்சியும் தப்பாயிடும், ஏன்னா இந்த ஜோடிய பிரிக்கிற பெரிய துப்பே செடிதான். ஸ்குட்டுலானா புழு ஸ்பியர் திஸில்லயும் மஸ்க் திஸில்லயும் வாழும், சிர்சியானா புழு மார்ஷ் திஸில்லயும் நாப்வீட்ங்கற காட்டுச் செடியிலயும்.

நாலு திஸிலயும் பிரிக்கிறது கஷ்டமே இல்ல. ஸ்பியர் திஸில்ல இலையோட மேல்பக்கமே சொரசொரன்னு குத்தும், தண்டுல முள்ளு விளிம்பு விட்டு விட்டு ஓடும். மார்ஷ் திஸில் ஈரப் புல்வெளியில ஒத்தக் கம்பா ஒசரமா நிக்கும், தண்டு முழுக்க முள்ளு விளிம்பு விடாம ஓடும், பூ சின்னது, உச்சியில கொத்தா இருக்கும். மஸ்க் திஸில் சுண்ணாம்பு மண்ணுல, பெரிய பூ ஒரு பக்கமா தலையக் குனிஞ்சு நிக்கும், விதையில ஒட்டியிருக்குற பஞ்சு சாதா முடி மாதிரி இருக்கும், ஸ்பியர் திஸில்லயோ அது இறகு மாதிரி கெளை விட்டிருக்கும். க்ரீப்பிங் திஸில் தண்டுல முள்ளே பெருசா இருக்காது, மண்ணுக்குள்ள வேர் ஓடி பாத்தி பாத்தியா பரவும்.

ஒரு எச்சரிக்கை. வளர்ந்த பூச்சி திஸில் மேல உக்காந்திருந்தா அது திஸில் தின்னு வளந்ததுன்னு அர்த்தம் இல்ல. பூச்சி பறந்து வந்து எங்க வேணா உக்காரும், செடி சாட்சி சொல்றது புழுவுக்கு மட்டும்தான். இந்த ஒரு எடத்துல தப்பு பண்ணிட்டு "மார்ஷ் திஸில் மேல பாத்தேன், அதனால சிர்சியானா"ன்னு அனுப்புறவங்கதான் அதிகம்.

## வழி 1: போட்டோவும் ஆப்பும்

காசு இல்ல, பூச்சி சாகாது, அஞ்சு நிமிஷ வேலை. ட்ராப்ல இருந்து சின்ன டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வச்சா பூச்சி அமைதியாயிடும், வெளிய எடுத்து பக்கத்துல ஒரு ஸ்கேலோட மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, முகத்துக்கு நேரா ஒண்ணுன்னு எடுத்துட்டு சாயங்காலம் செடிகிட்டயே விட்டுடலாம்.

திஸில் பூச்சிகள்லயே போட்டோ தாராளமா போதும்ங்கறது சிலது இருக்கு. திஸில் எர்மின்னு சொல்ற மைலாய்ஸ் சர்கம்வொலூட்டா, வெள்ளை வெளேர்னு இறக்கை, அதுல மையப் பேனாவால புள்ளி வச்ச மாதிரி கறுப்புப் புள்ளிங்க, விரிச்சா 27–33 மில்லிமீட்டர். வேலியோரத்துல வலை பின்னுற மத்த எர்மின் பூச்சிகளோட குழப்பிக்கிறாங்க, ஆனா அதெல்லாம் இதவிட நல்லா சின்னது. அகபேட்டா ஹமானாவும் அப்படித்தான், எலுமிச்சை மஞ்சள்ல காப்பிக் கலர் கொக்கி போட்ட மாதிரி கோடு, புழு திஸில் வேருல இருக்கும், ஒரு தடவ பாத்தா மறக்காது. இதுக்கெல்லாம் டிசெக்‌ஷன் பண்ணணும்னு நெனச்சீங்கன்னா ஒரு உயிர வீணா எடுக்குறீங்கன்னுதான் சொல்வேன்.

ஆனா எபிப்ளெமா ஜோடிக்கு போட்டோ பத்தாது. எவ்வளவு நல்ல கேமராவா இருந்தாலும் பத்தாது, ஏன்னா பிரிக்கிற அடையாளம் இறக்கையில நம்பகமா இல்லவே இல்ல. ஆப் ஒரு பேர தைரியமா சொல்லுதுன்னா, அதுக்குக் குடுத்த படங்கள்ல யாரோ அந்தப் பேர் போட்டிருக்காங்கன்னுதான் அர்த்தம், அவங்க எத வச்சு போட்டாங்கன்னு ஆப்புக்குத் தெரியாது. மறைமுகச் செலவு இதுதான். ஒரு தப்பான பேர் ஏறினா அடுத்த ஆளுக்கும் அதே பேர் வரும், அது கூடிக் கூடிப் போய் கடைசியில வரைபடத்துல ஒரு இனம் இல்லாத ஊர்ல இருக்குற மாதிரி புள்ளி விழும்.

வெள்ளைத் திட்டு இருக்குறதெல்லாம் இந்த ஜோடின்னும் நெனைக்காதீங்க. மக்வொர்ட் செடியில வாழுற எபிப்ளெமா ஃபொயனெல்லாவுக்கு வெள்ளை கொக்கி மாதிரி வளைஞ்சு இருக்கும், அது போட்டோவுலயே தெரியும். கோல்ட்ஸ்ஃபுட்ல வாழுறது, ராக்வொர்ட்ல வாழுறதுன்னு சொந்தக்காரங்க வேற இருக்காங்க. செதில் உதிர்ந்து தேஞ்சு போன பூச்சியா இருந்தா இவங்களையும் சேத்து குழப்பும்.

## வழி 2: தண்டக் கொண்டு வந்து புழு வளக்குறது

எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

ஸ்பியர் திஸில் ரெண்டு வருஷச் செடி. மொத வருஷம் தரையோட ஒட்டி வட்டமா இலை மட்டும், ரெண்டாவது வருஷம் தண்டு விட்டு பூத்து செத்துடும். எபிப்ளெமா புழு இலையுதிர் காலத்துல இருந்து ஏப்ரல் வரைக்கும் தண்டோட அடிப்பாகத்துலயும் வேர்க்கட்டையிலயும் உள்ள இருந்துக்கிட்டு, அங்கயே கூடு கட்டி, மே வாக்குல பூச்சியா வெளிய வரும். ஆக நீங்க தேட வேண்டியது பிப்ரவரி, மார்ச்ல காஞ்சு நிக்கிற போன வருஷத் தண்ட. கென்ட்ல எங்க அலாட்மென்ட் (வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டு) ஓரத்துல நாலஞ்சு தண்ட மண்ணு மட்டத்துல இருந்து வெட்டி, அடியப் பாத்தா மரத்தூள் மாதிரி கழிவு அடைச்ச துளை ரெண்டுல இருந்துச்சு, அந்த நிமிஷம் வந்த சந்தோஷம் ட்ராப்ல நூறு பூச்சி விழுந்தாலும் வராது.

ஒரு பூந்தொட்டியில ஈர மணலப் போட்டு, தண்ட அதுல நட்டு, மேல பழைய நைலான் ஸ்டாக்கிங் இழுத்துக் கட்டி, வீட்டுக்கு வெளிய வடக்குச் சுவர் பக்கம் வச்சிடுங்க. வீட்டுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, ஹீட்டர் சூட்டுல தண்டு காஞ்சு புழு செத்துப் போகும், இல்லன்னா மார்ச்லயே பூச்சி வந்து நிக்கும், வெளிய விட்டா இணை சேர துணையும் இருக்காது செடியும் இருக்காது. வாரம் ஒருக்கா கொஞ்சம் தண்ணி தெளிச்சா போதும், ரொம்ப நனைஞ்சா பூஞ்சை பிடிக்கும்.

ஒவ்வொரு செடிக்கும் தனித்தனி தொட்டி, தனித்தனி சீட்டு, அதுல தேதி, எடம், எந்த திஸில்னு எழுதி வைங்க. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா ஒரே திஸில் தண்டு ஒரு ஹாஸ்டல் மாதிரி, எபிப்ளெமாவும் இருக்கும், பூவுல விதையத் தின்னுட்டு தண்டுக்குள்ள வந்து குளிர்காலத்தக் கழிக்கிற திஸில் எர்மின் புழுவும் இருக்கும், மஞ்சக் கலர் ஏதிஸ் நிகானாவும் இருக்கும். பூத்தலை தடிச்சு கட்டியா இருந்துச்சுன்னா அது அந்துப்பூச்சியே இல்ல, யூரோஃபோரா ஈயோட வேலை. எல்லாத்தையும் ஒரே வாளியில போட்டா எது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாம போயிடும், வளத்ததோட முழுப் பலனும் போச்சு.

இதோட மறைமுகச் செலவு கொஞ்சம் இல்ல. மூணு நாலு மாசம் காத்திருக்கணும். அவ்வளவு காத்திருந்து பூச்சிக்குப் பதிலா ஒரு ஒட்டுண்ணிக் குளவி வெளிய வரும், புழு எப்பவோ அதுக்கு சாப்பாடாயிருக்கும் (அந்தக் குளவியத் தூக்கிப் போடாதீங்க, எந்தப் புழுவுல இருந்து வந்துச்சுங்கற தகவலோட இருந்தா குளவி ஆராயுறவங்களுக்கு அது பெரிய விஷயம்). அடுத்து சட்டம். ஸ்பியர் திஸிலும் க்ரீப்பிங் திஸிலும் 1959 களைச் சட்டத்துல பேர் இருக்குற களைங்க, அதனால யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனைச்சிடுவோம், ஆனா 1981 வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி எந்தக் காட்டுச் செடியையும் நிலத்துக்காரர் அனுமதி இல்லாம வேரோட பிடுங்கக் கூடாது. வேர்க்கட்டை வேணும்னா கேட்டுட்டு எடுங்க, பெரும்பாலும் "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க"ன்னுதான் சொல்வாங்க. பாதுகாக்கப்பட்ட புல்வெளின்னா கேட்டுட்டும் ரெண்டு தண்டுக்கு மேல எடுக்காதீங்க.

உறுதி எவ்வளவு? செடி சரியா தெரிஞ்சு, புழு அதுல இருந்துதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா, பேர் ரொம்ப பலமா இருக்கும். சில ரெக்கார்டர் அத அப்படியே ஏத்துப்பாங்க, சிலர் வளத்ததுல ஒரு ஆண் பூச்சியையாவது டிசெக்‌ஷன் பண்ணிக் காட்டச் சொல்வாங்க, வளக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

## வழி 3: டிசெக்‌ஷன்

இந்த ஜோடிக்கு ரெக்கார்டர் கேக்குறது இதுதான். பூச்சிய ஃப்ரீசர்ல வச்சுக் கொன்னு, வயித்துப் பாகத்தப் பிரிச்சு, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஊறவச்சா சதையெல்லாம் கரைஞ்சு கெட்டியான இனப்பெருக்க உறுப்பு மட்டும் நிக்கும், அப்புறம் நுண்ணிய தூரிகையால செதிலத் தள்ளி, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்ல பாக்கணும். ஆணுல கவ்வுற மடலோட வடிவம், பெண்ணுல இணை சேர்ற துளையச் சுத்தியிருக்குற தகடோட வடிவம். இறக்கைச் செதில் மாதிரி இது உதிராது, தேயாது, அதனாலதான் இவ்வளவு நம்பகம். ட்ராப்ல மொட்டையா தேஞ்சு வந்த பூச்சிக்குக்கூட பேர் சொல்லிடலாம்.

செலவுன்னு பாத்தா ஒரு நல்ல ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் சில நூறு பவுண்டு ஆகும், கூடவே ரெண்டு நுனிக் கூர்மையான ட்வீசர், ஊசி, கண்ணாடித் தகடு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் அரிச்சுடும், சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுல கிச்சன் டேபிள்ல இத வச்சுப் பண்ணாதீங்க. கை பழகுற வரைக்கும் மொத இருபது முப்பது பூச்சி கிழிஞ்சு போகும்னு எடுத்துக்கோங்க, அதனால ட்ராப்ல செத்துக் கிடக்குற சாதாரணப் பூச்சிங்கள வச்சுப் பழகிட்டு இதுக்கு வாங்க.

நிறைய பேருக்குத் தெரியாதது, நீங்களே பண்ணணும்னு இல்ல. நிறைய கவுன்ட்டியில ரெக்கார்டரோ, அவருக்குத் தெரிஞ்ச யாரோ, வருஷக் கடைசியில கொஞ்சம் பூச்சிய வாங்கி டிசெக்‌ஷன் பண்ணித் தருவாங்க, சும்மாவோ சின்னக் கட்டணத்துக்கோ. வருஷத்துக்கு அஞ்சு பூச்சிதான் சந்தேகம்னா மைக்ரோஸ்கோப் வாங்காதீங்க, இவங்ககிட்ட குடுங்க. வருஷத்துக்கு அம்பதுன்னா வாங்குங்க, அத்தனையையும் இன்னொருத்தர் தலையில போடுறது நியாயம் இல்ல.

கொல்றதப் பத்தி. பூச்சிய நசுக்கக்கூட விடாத அம்மா வளத்த வளப்பு, எனக்கு இன்னைக்கும் ஃப்ரீசர் கதவத் தெறக்கும்போது மனசு கனக்கும், அந்தக் கனம் இருக்கணும்னுதான் நெனைக்கிறேன். நான் வச்சிருக்குற கட்டுப்பாடு: ஒரு எடத்துக்கு ஒரு தடவ, ஒரே ஒரு பூச்சி, முடிஞ்ச வரை ஆண். அந்த எடத்துல எந்த இனம்னு உறுதியாயிடுச்சுன்னா அங்க மறுபடி எடுக்குறதில்ல. எடுத்தத பின்ல குத்தி, தேதி எடத்தோட சீட்டு எழுதி வச்சுடுவேன், நாளைக்கு ஒருத்தர் சந்தேகப்பட்டா திரும்பப் பாக்கலாம், செத்த உயிருக்கு நம்மால பண்ண முடிஞ்ச மரியாத அதுதான்.

## வழி 4: டிஎன்ஏ பார்கோடு

கனடாவுல குவெல்ஃப் பல்கலைக்கழகத்துல பால் ஹெபர்ட் 2003ல முன்வச்ச யோசனை. மைட்டோகாண்ட்ரியாவுல இருக்குற சிஓஐ ஜீன்ல சுமார் 650 எழுத்தப் படிச்சு, ஏற்கனவே பேர் தெரிஞ்ச பூச்சிகளோட வரிசையோட ஒப்பிட்டுப் பாக்குறது. ஒரு கால் போதும், புழு, கூட்டுப்புழு, பாதி சிதைஞ்ச பூச்சி எதுவா இருந்தாலும் வேலை செய்யும். புழுவா மட்டும் கெடச்சு வளக்க வாய்ப்பே இல்லன்னா இதவிட நல்ல வழி இல்ல.

ஆனா மெஷின் சொன்னா முடிஞ்சுதுன்னு நெனைக்கிறது தப்பு. மெஷின் குடுக்குறது எழுத்து வரிசை மட்டும், பேர் வர்றது ஒப்பிடுற லைப்ரரியில இருந்து, அந்த லைப்ரரியில பேர் போட்டவரும் ஒரு மனுஷன்தான், அவர் இறக்கையப் பாத்து பேர் போட்டிருந்தா நம்ம பழைய பிரச்னையே சுத்திக்கிட்டு திரும்ப வரும். சில நெருங்கிய இனங்களுக்கு பார்கோடு பிரியவே பிரியாது. அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி போல்ட்ங்கற பொது டேட்டாபேஸ்ல உங்க ஜோடி தனித்தனிக் கொத்தா நிக்குதான்னு பாத்துடுங்க, அது இலவசம். ஒண்ணு ரெண்டு பூச்சிய தனியா அனுப்புறது செலவு, கூட்டமா அனுப்புற ஏதாவது ப்ராஜெக்ட்ல சேந்துக்கிட்டா கட்டுப்படியாகும்.

## ஒரு பார்வையில

| | போட்டோ | வளர்ப்பு | டிசெக்‌ஷன் | டிஎன்ஏ |
|---|---|---|---|---|
| எபிப்ளெமா ஜோடிக்கு உறுதி | இல்ல | செடி சரின்னா பலமா இருக்கும் | உறுதி | லைப்ரரியப் பொறுத்தது |
| பூச்சி உயிரோட? | ஆமா | ஆமா, விடலாம் | இல்ல | காலோட போகலாம், பெரும்பாலும் மாதிரியா வச்சுடுவாங்க |
| காத்திருப்பு | நிமிஷம் | 3–4 மாசம் | ஒரு நாள், இல்ல வருஷக் கடைசி | வாரங்கள், மாசங்கள் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | தப்புப் பேர் பரவும் | குளவி, பூஞ்சை, அனுமதி | பழகுற காலம், ரசாயனம், மனசு | லைப்ரரித் தப்பு |
| வாழ்க்கைக் கதை தெரியுமா? | இல்ல | முழுசா | இல்ல | புழுவுக்குக் கொஞ்சம் |

## அப்ப யாருக்கு எது

மொத வருஷம் ட்ராப் வைக்கிறவங்க போட்டோவோட நிறுத்திக்கோங்க, ஜோடிக்கு "எபிப்ளெமா ஸ்குட்டுலானா / சிர்சியானா"ன்னு ரெண்டு பேரையும் சேத்தே அனுப்புங்க. அப்படி அனுப்புறது குறைச்சல் இல்ல, தெரிஞ்ச அளவ நேர்மையா சொல்றது, ரெக்கார்டருக்கும் ஒரு பேர அடிச்சுத் திருத்துற வேலை மிச்சம். தோட்டமோ அலாட்மென்டோ இருந்து, பொறுமையும் இருந்தா வளர்ப்புக்குப் போங்க, கொல்ல மனசு வராத அந்தத் தம்பிக்கும் நான் சொல்ற பதில் இதுதான். உங்க கவுன்ட்டியில அந்த இனம் இதுவரைக்கும் பதிவே ஆகலன்னா மட்டும் டிசெக்‌ஷன், அதையும் மொத தடவ அனுபவசாலி கையில குடுங்க. டிஎன்ஏக்கு காசு வச்சிருக்குற அண்ணனுக்கு: அந்தக் காசுல ஒரு நல்ல கை லென்ஸ் வாங்கி, மார்ச்ல ஒரு நாள் என்கூட வாங்க, தண்ட வெட்டிப் பாப்போம், அப்பவும் சந்தேகம் தீரலன்னா கால அனுப்பலாம்.

இப்ப வடக்குச் சுவர் பக்கம் மூணு தொட்டி இருக்கு. ரெண்டு ஸ்பியர் திஸில், ஒண்ணு ஆத்தோரப் புல்வெளிக்காரர்கிட்ட கேட்டு வாங்கின மார்ஷ் திஸில் வேர்க்கட்டை. மார்ஷ் திஸில் தொட்டியில புதுசா மரத்தூள் விழுந்திருக்கு, உள்ள யாரோ இருக்காங்க, மே மாசம் ஸ்டாக்கிங்க அவிழ்க்கும்போது தெரியும்.